பழைய கமரா போதுமா, புதியது வேண்டுமா?



இந்தப் பக்கத்தில் வழமையாக உடல்நலம் பற்றித்தான் எழுதி வருகிறோம். குளிர்காலத்தில் வைட்டமின் டி, அப்பாமாரின் சர்க்கரை வியாதி, பரீட்சைக் காலத்துத் தூக்கம் என்று போய்க்கொண்டிருந்த இடத்தில் இம்முறை ஒரு கமரா வந்து உட்கார்ந்திருக்கிறது. தாதி வேலைக்கும் கமராவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். கதையைச் சொல்கிறோம்.

நத்தாருக்கு முன் வாலிபர் ஐக்கியம் றோல்ஸும் கொத்துரொட்டியும் விற்றுச் சேர்த்த பணம் இருக்கிறது அல்லவா? அதில் ஆலயத்துக்குப் புதிய கமரா வாங்குவதா என்று கூட்டத்தில் கேள்வி வந்தது. உடனே கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. "ஓடுகிற கமராவை ஏன் மாற்ற வேண்டும்?" என்று பெரியவர்கள் ஒரு பக்கம். "2018 இல் வந்த கமராவை இன்னும் எத்தனை காலம் பாவிப்பது?" என்று தம்பிமார் மறுபக்கம். கடைசியில் மூப்பர் ஒருவர் எங்களைப் பார்த்து, "நீங்கள் வார்ட்டுக்குப் புதிய கருவி வந்தால் சோதித்துப் பார்க்கிற ஆட்கள்தானே, இதையும் பார்த்துச் சொல்லுங்கள்" என்று பொறுப்பைத் தலையில் கட்டிவிட்டார்.

அந்தக் கேள்வி அவ்வளவு சூடாக எழுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. நம் சபையில் எல்லோருக்கும் பிடித்த ஒரு அம்மம்மாவின் அடக்க ஆராதனை நடந்தது. அவருடைய தங்கை யாழ்ப்பாணத்தில். வயதும் விசாவும் வரவிடவில்லை. ஆராதனை நடந்த மண்டபத்தில் இணைய வேகம் போதாது. ஆகவே நேரலை வேண்டாம், முழுவதையும் பதிந்து அனுப்பிவிடலாம் என்று நாங்கள் முடிவு செய்தோம். கமராவை முக்காலியில் நிறுத்தி, சிவப்பு விளக்கைப் பார்த்துவிட்டு, வந்து இருந்துவிட்டோம். பாட்டு, வேதவாசிப்பு, போதகர் ஐயாவின் செய்தி எல்லாம் வந்திருந்தன. கடைசியில் பேத்தி எழுந்து நாலு நிமிடம் பேசினாள். அந்த நாலு நிமிடம் மட்டும் இல்லை. 29 நிமிடம் 59 வினாடியில் கமரா தானாகவே நின்றிருந்தது.

இரண்டு நாள் கழித்து யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசி. "எல்லாம் பார்த்தேன் பிள்ளையள். பேத்தி பேசவில்லையோ?" அதற்கு என்ன பதில் சொல்வது?

அன்று கமராவில் ஒரு பிழையும் இல்லை. கையேட்டில் தெளிவாக எழுதியிருந்த ஒன்றை வாசிக்காத பிழை எங்களுடையது. அந்தக் காலத்து நிழற்படக் கமராக்கள் பலவற்றில் இதே எல்லை இருந்தது. 30 நிமிடமோ அதற்கு மேலோ தொடர்ந்து பதியும் கருவியை ஐரோப்பிய ஒன்றியம் வீடியோ கமராவாகக் கணக்கிட்டுக் கூடுதல் சுங்கவரி போட்டது. அதைத் தவிர்க்க உற்பத்தியாளர்கள் ஒரு வினாடிக்கு முன்பே நிறுத்திக்கொண்டார்கள். ஆனால் அன்றிலிருந்து தம்பிமார் மனதில் "பழைய கமரா கைவிட்டுவிட்டது" என்பதே பதிந்துவிட்டது. அது சரியா என்றுதான் பார்க்கப் புறப்பட்டோம்.

இரண்டு கமராக்கள்

ஆலயத்தில் இருப்பது கெனன் ஈஓஎஸ் எம்50. 2018 பெப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. சபைக் குடும்பம் ஒன்று இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு இரவல் தந்த புதியது கெனன் ஈஓஎஸ் ஆர்50. அது 2023 பெப்ரவரியில் வந்தது. இரண்டுமே புதிதாகப் படம் பிடிக்கத் தொடங்குவோருக்கானவை, இரண்டிலும் உள்ளே கண்ணாடி இல்லை. பழைய எஸ்எல்ஆர் கமராவில் ஒரு சிறு கண்ணாடி ஒளியை மேலே திருப்பிக் கண்ணுக்குக் காட்டும். படம் எடுக்கும்போது அது 'டக்' என்று எழும். மிரர்லெஸ் கமராவில் அந்தக் கண்ணாடி இல்லாததால் உடல் சிறிதாகிறது, சென்சர் பார்ப்பதை நேராகத் திரையில் பார்க்கிறோம்.

வெளிவந்தபோது அமெரிக்க விலையில் எம்50 உடல் மட்டும் 779 டொலர், லென்ஸுடன் 899. ஐந்து வருடம் கழித்து வந்த ஆர்50 உடல் 679, லென்ஸுடன் 799. புதியது என்றால் விலை கூட என்று நினைப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

எது மாறவில்லை?

முதலில் இதைச் சொல்லவேண்டும், ஏனென்றால் விளம்பரம் இதைச் சொல்லாது. பழையதில் 24.1 மெகாபிக்சல், புதியதில் 24.2. சென்சரின் அளவு இரண்டிலும் ஏபிஎஸ்-சி. பற்றரி, மெமரி கார்ட் சேர்த்து எடை 390 கிராம், 375 கிராம். இரண்டிலும் பக்கவாட்டில் விரித்துத் திருப்பக்கூடிய தொடுதிரை உண்டு. வெளி மைக் செருக இடம் உண்டு, ஹெட்போன் செருக இரண்டிலுமே இடமில்லை. அதாவது என்ன ஒலி பதிகிறது என்று கேட்டுப் பார்க்க முடியாது, திரையில் துள்ளும் கோட்டைத்தான் நம்பவேண்டும்.

முதல் ஞாயிறு, இரண்டையும் ஒரே முக்காலி உயரத்தில் பக்கம் பக்கமாக வைத்து, சாதாரண 1080 வீடியோவில் ஆராதனையைப் பிடித்தோம். மறுநாள் மாலை எது எதுவென்று சொல்லாமல் ஆறு பேருக்குத் தொலைக்காட்சியில் போட்டுக் காட்டினோம். மூன்று பேர் பழையதைப் புதியது என்றார்கள், ஒருவர் "இரண்டும் ஒன்றுதானே" என்றார். ஒரு அன்ரி மட்டும் "படத்தை விடுங்கோ, சத்தம் ஏன் கிணத்துக்குள்ள இருந்து வருது?" என்று கேட்டார். சோதனை முழுவதிலும் மிகப் பயனுள்ள கருத்து அதுதான்.

புதியது எங்கே முந்துகிறது?

முதலாவது, குவியம். எம்50 முகத்தைக் கண்டுபிடிக்கும், கண்ணையும் கண்டுபிடிக்கும், ஆனால் ஆள் நடமாடினால் தடுமாறும். ஆர்50 ஆளைப் பிடித்தால் விடாது. திரும்பினாலும், நடந்தாலும், இன்னொருவர் குறுக்கே போனாலும் மீண்டும் பிடித்துக்கொள்கிறது. மிருகங்களையும் வாகனங்களையும்கூட அடையாளம் காண்கிறது. ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் மேடையில் ஓடியாடி நாடகம் நடித்தபோது இரண்டு கமராக்களுக்கும் இடையே நல்ல வித்தியாசம் தெரிந்தது. பழையதில் பத்துக்கு நாலு படம் மங்கல், புதியதில் பத்துக்கு ஒன்று.

இரண்டாவது, 4கே வீடியோ. எம்50 இல் 4கே இருக்கிறது என்று பெட்டியில் போட்டிருக்கும். ஆனால் அது சென்சரின் நடுப்பகுதியை மட்டுமே எடுக்கிறது. படம் சுமார் 1.6 மடங்கு நெருங்கிவிடும், அகலமாகப் பிடிக்க முடியாது. அதோடு அந்தக் கமராவின் நல்ல குவிய முறை 4கேயில் வேலை செய்யாது. ஆர்50 முழு அகலத்தையும் பாவித்து, நல்ல குவியத்தோடு, வினாடிக்கு 30 படம் என்ற வேகத்தில் 4கே பதிகிறது. இது உண்மையான முன்னேற்றம். ஆனால் நம் நேரலை 1080 இல்தான் போகிறது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பெரும்பாலும் அதைக் கைத்தொலைபேசியில்தான் பார்க்கிறார்கள். குளிர்காலத்தில் இங்கே காலை பத்தரை ஆராதனை என்றால் அங்கே இரவு ஒன்பது மணி. டேட்டா முடியுமோ என்று யோசித்துக்கொண்டு பார்க்கிறவருக்கு 4கே ஒரு உதவியும் அல்ல.

மூன்றாவது, பதிவு நேரம். ஆர்50 ஒரு மணிநேரம் தொடர்ந்து பதியும். நல்லதுதான். ஆனால் அதுவும் ஒரு மணிநேரத்தில் நின்றுவிடும்! நம் ஆராதனை ஒன்றரை மணிநேரம், திருவிருந்து இருந்தால் இரண்டு. அன்று ஆர்50 இருந்திருந்தால் பேத்தியின் பேச்சு கிடைத்திருக்கும். ஆனால் கமராவை நிறுத்திவைத்துவிட்டு எழும்பிப் போகும் பழக்கத்தோடு இன்னொரு நாள் இன்னொருவரின் பேச்சை இழந்திருப்போம்.

நான்காவது, வசதிகள். ஆர்50 க்கு யூஎஸ்பி-சி வழியாகவே மின் ஏற்றலாம். அதே வயரைக் கணினியில் செருகினால் வெப்கமராவாகவும் வேலை செய்யும். எம்50 இன் பற்றரியைக் கழற்றித்தான் சார்ஜரில் போடவேண்டும். அந்தப் பற்றரியும் சிறியது, ஒரு சார்ஜுக்குச் சுமார் 235 படம் என்பது நிறுவனத்தின் கணக்கு. ஜெப நேரத்தில் சத்தமில்லாமல் படம் எடுப்பதிலும் புதியது சுலபம். பழையதில் சத்தமில்லா முறைக்குப் போனால் மற்ற எல்லாவற்றையும் கமராவே தீர்மானித்துக்கொள்ளும்.

பழையது எங்கே முந்துகிறது?

இது தம்பிமார் எதிர்பார்க்காதது. எம்50 உடன் வரும் லென்ஸ் 15 மிமீ இல் தொடங்குகிறது. ஆர்50 உடன் வருவது 18 மிமீ இல். மூன்று மிமீ தானே என்று நினைக்காதீர்கள். முழுச்சட்டக் கணக்கில் அது 24 க்கும் 29 க்கும் உள்ள வித்தியாசம். நம் மண்டபத்தில் பின்சுவரோடு ஒட்டி நின்று பாடகர் குழுவைப் பிடித்தபோது, பழைய கமராவில் எல்லோரும் வந்தார்கள். புதியதில் இரு ஓரங்களிலும் நின்றவர்கள் வெட்டுப்பட்டார்கள். தவிர, அகலமான நிலையில் பழைய லென்ஸின் வாய் எஃப் 3.5, புதியது எஃப் 4.5. அதாவது பழையது ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கு மேல் ஒளியை உள்ளே விடுகிறது.

இன்னொன்று: நம்மிடம் உள்ள பழைய ஃபிளாஷ் எம்50 இன் தலையில் நேராகப் பொருந்துகிறது. ஆர்50 இன் ஃபிளாஷ் இணைப்பு வேறு வகை. பழைய ஃபிளாஷுக்கு நடுவில் ஒரு சிறு இணைப்பியைத் தனியாக வாங்கவேண்டும்.

கையும் பட்டியும்

இங்கேதான் தாதி வேலை ஞாபகம் வந்தது. இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி எவ்வளவு புதிதாக இருந்தாலும், கையில் கட்டுகிற பட்டியின் அளவு பிழையென்றால் கணக்குப் பிழை. பெரிய கைக்குச் சிறிய பட்டி கட்டினால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். கருவியை மாற்றி என்ன பயன்? பட்டியை மாற்றவேண்டும். கமராவில் அந்தப் பட்டிதான் லென்ஸ்.

நம் மண்டபம் வெளிச்சம் குறைந்தது. இரு கமராக்களோடும் வரும் லென்ஸ்கள் 45 மிமீ க்கு நெருக்கினால் எஃப் 6.3 ஆகச் சுருங்கிவிடும். பிரசங்க மேடையை அப்படி நெருக்கிப் பிடித்தால், வினாடியில் 60 இல் ஒரு பங்கு ஷட்டருக்கு ஐஎஸ்ஓ 6400 போகவேண்டியிருந்தது. இரு கமராக்களிலும் அதேதான். புள்ளி புள்ளியாக இரைச்சல், முகம் மெழுகு பூசினாற்போல். இப்போது எஃப் 1.8 லென்ஸ் ஒன்றைப் போட்டால் என்ன ஆகும்? 6.3 ஐ 1.8 ஆல் பிரித்து, வருவதை அதே எண்ணால் பெருக்கிப் பாருங்கள். 12 மடங்கு ஒளி. 6400 இருந்த இடத்தில் 500 அளவு போதும். ஐந்து வருடப் புதுமை தராத மாற்றத்தை ஒரு சின்ன லென்ஸ் தருகிறது.

இரு கமராக்களும் ஒரேமாதிரி செய்த பிழை ஒன்றையும் பார்த்தோம். கமராவின் ஒளிமானி காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். பின்னால் வெள்ளைத் திரை, மேலே வெள்ளை அங்கி. நடுவில் நம் மாநிற முகம். வெள்ளையைக் குறைக்கப்போய் முகத்தை இருட்டாக்கிவிடும். இதற்குப் புதிய கமரா மருந்தல்ல. ஒளித்திருத்தத்தை மூன்றில் இரண்டு பங்கோ ஒன்றோ கூட்டி வையுங்கள். பேசுகிறவரின் முகம் சரியாகத் தெரிந்தால் திரை கொஞ்சம் வெளுத்துப் போனால் போகட்டும்.

வாங்குமுன் கேட்கவேண்டிய பெரிய கேள்வி

இதுவரை படித்துவிட்டு, "அப்படியென்றால் பழைய எம்50 ஒன்றை மலிவாக வாங்கலாமே" என்று யாராவது நினைத்திருந்தால், கொஞ்சம் பொறுங்கள். கமரா உடலையும் லென்ஸையும் பூட்டும் வாய்க்கு மவுண்ட் என்று பெயர். எம்50 இன் மவுண்ட் ஈஎஃப்-எம். கெனன் 2012 இல் தொடங்கி, எட்டு லென்ஸ்கள் மட்டும் செய்து, 2023 உடன் அந்தக் குடும்பத்தையே நிறுத்திவிட்டது. எம்50 வெளிவந்த அதே 2018 இல், செப்டம்பரில், ஆர்எஃப் என்ற புதிய மவுண்டை அறிவித்தார்கள். ஆர்50 அந்த வழியில் வந்தது. 2024 முதல் சிக்மா, டாம்ரோன் போன்றவர்களும் இந்த அளவுக் கமராக்களுக்கு ஆர்எஃப் லென்ஸ்கள் கொண்டுவருகிறார்கள்.

பழைய லென்ஸைப் புதிய உடலில் இணைப்பி போட்டுப் பூட்ட முடியாதா? முடியாது. காரணம் எளிது. ஈஎஃப்-எம் லென்ஸ் சென்சரிலிருந்து 18 மிமீ தூரத்தில் இருக்கவேண்டும். ஆர்எஃப் உடலில் அந்தத் தூரம் 20 மிமீ. இணைப்பி வைக்க இடம் வேண்டாமா? இங்கே லென்ஸை இரண்டு மிமீ உள்ளே அழுத்தவேண்டியிருக்கிறது.

ஆனால் ஒரு பாலம் உண்டு. எஸ்எல்ஆர் காலத்து ஈஎஃப் லென்ஸ்களுக்கு 44 மிமீ தூரம் தேவை. ஆகவே எம்50 இலும் ஆர்50 இலும் இணைப்பிக்குத் தாராளமாக இடம் கிடைக்கிறது. 2015 இல் வந்த ஈஎஃப் 50 மிமீ எஃப் 1.8 எஸ்டிஎம் லென்ஸ் இரண்டிலும் தானியங்கிக் குவியத்தோடு வேலை செய்யும். பழைய உடலுக்காக இன்று வாங்கும் லென்ஸ் நாளை புதிய உடலுக்கும் வரவேண்டுமென்றால், இப்படிப்பட்டதையே வாங்குங்கள்.

யார் எதை வாங்கலாம்?

எங்கள் முடிவைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

உங்கள் வீட்டில் ஏற்கெனவே எம்50 இருந்தால், உடலை மாற்ற அவசரப்பட வேண்டாம். வெளிச்சமான லென்ஸ் ஒன்றும் நல்ல மைக் ஒன்றும் வாங்குங்கள்.

கையில் ஒன்றுமில்லாமல் புதிதாகத் தொடங்குகிறவர், குறிப்பாக சேஜெப்பில் சினிமா அல்லது ஊடகம் படிக்கப்போகும் தங்கை, ஆர்50 வாங்குவதே நல்லது. மவுண்ட் உயிரோடு இருக்கிறது, இன்று வாங்கும் லென்ஸ் பத்து வருடமாவது கூட வரும். ஓடியாடும் சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கும் அதன் குவியம் ஒன்றுக்காகவே கொடுக்கலாம்.

நத்தாருக்கும் பிறந்தநாளுக்கும் மட்டும் படம் எடுக்கிறவர் இரண்டையும் வாங்காதீர்கள். கையில் இருக்கும் தொலைபேசி போதும்.

பழையதை வாங்குகிறவர்களுக்கு ஒரு சிறு பட்டியல். பொது இடத்தில், பகலில் சந்தியுங்கள். கோட்-வெர்ட்யூ மெட்ரோ வாசல் நல்லது, பனிக்காலத்தில் உள்ளேயே நின்று பார்க்கலாம். வெள்ளைச் சுவரை எஃப் 22 இல் ஒரு படம் எடுத்துப் பெருக்கிப் பாருங்கள், சென்சரில் தூசி இருந்தால் கரும்புள்ளியாகத் தெரியும். திரையை விரித்து, திருப்பி, மூடிப் பாருங்கள், அந்தக் கீல்தான் முதலில் தளரும். மைக்கைச் செருகி ஒரு நிமிடம் பதிந்து கேளுங்கள். பற்றரி வீங்கியிருந்தால் தொடாதீர்கள். மெனு பிரெஞ்சில் இருந்தால் பயப்படாதீர்கள், இரண்டு நொடியில் மாற்றலாம்.

கடையில் வாங்கினால் விலையோடு 14.975 வீதம் வரி வரும் என்பதை முதலிலேயே கணக்கில் சேருங்கள். ஆனால் கடையில் வாங்குவதில் ஒரு பாதுகாப்பும் உண்டு. கியூபெக்கின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வியாபாரி விற்கும் பொருள் நியாயமான காலம் உழைக்கவேண்டும். நீடித்த உத்தரவாதம் என்று மேலதிகப் பணம் கேட்குமுன், இந்த இலவசமான சட்ட உத்தரவாதம் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியது கடைக்காரரின் கடமை. தனியாரிடம் வாங்கும்போது இந்தச் சட்டம் துணைக்கு வராது.

குளிருக்கும் ஒரு வார்த்தை. மைனஸ் 20 இலிருந்து கமராவை நேராகச் சூடான மண்டபத்துக்குள் கொண்டுவந்தால் கண்ணாடியில் மட்டுமல்ல, உள்ளேயும் ஈரம் படியும். வெளியிலேயே அதை ஒரு ஸிப் பையில் போட்டு இறுக மூடுங்கள். உள்ளே வந்தபின் அறைச் சூட்டுக்கு வரும்வரை பையைத் திறக்காதீர்கள். பற்றரியை ஜக்கெட்டின் உட்பையில் வையுங்கள், குளிரில் அது சீக்கிரம் தளர்ந்துவிடும்.

சத்தமில்லாத கமரா கையில் இருக்கும் தம்பிமாருக்குக் கடைசியாக ஒன்று. எடுக்க முடிகிறது என்பதற்காக எல்லாவற்றையும் எடுக்கக்கூடாது. மொன்றியலில் ஒரு கட்டிடத்தின் படியில் இருந்த 17 வயதுப் பெண்ணை, அவளுடைய அனுமதியில்லாமல் எடுத்த படத்தை ஒரு சஞ்சிகை போட்டது. வழக்கு கனடா உச்ச நீதிமன்றம் வரை போய், 1998 இல் அவளுக்குச் சாதகமாகவே தீர்ப்பு வந்தது. தெருவில் இருப்பவருக்கே அந்த உரிமை இருக்கிறதென்றால், கண்ணீரோடு ஜெபிக்கிறவருக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் எவ்வளவு இருக்கும்? கேட்டுவிட்டு எடுங்கள்.

நாங்கள் செய்தது

கூட்டத்தில் இதையெல்லாம் சொன்னோம். புதிய கமரா வேண்டாம் என்று முடிவானது, இப்போதைக்கு. சேர்த்த பணத்தில் ஒரு பகுதிக்குப் பாவித்த ஈஎஃப் 50 மிமீ லென்ஸ் ஒன்றும் அதற்கான இணைப்பியும் வாங்கினோம். எம்50 இல் அது 80 மிமீ போல நெருங்கி நிற்கும், நடு வரிசையில் இருந்து பிரசங்க மேடைக்கு அளவான தூரம். பற்றரி வடிவில் செருகி நேராகச் சுவர் மின்சாரத்தில் ஓட்டும் டம்மி பற்றரி ஒன்று வாங்கினோம். ஒலிக் கலவைப் பெட்டியிலிருந்து கமராவுக்கு வரும் சத்தத்தை அளவாகக் குறைத்துத் தரும் வயர் ஒன்றும் வாங்கினோம். "கிணத்துக்குள்ள இருந்து" என்று சொன்ன அன்ரிக்கு இப்போது திருப்தி. மீதிப் பணம் பொருளாளரிடம் இருக்கிறது. இந்த எம்50 ஒருநாள் உண்மையாகவே நின்றால், ஆர்எஃப் உடல் ஒன்றை வாங்க அது கைகொடுக்கும். லென்ஸ் கூடவே போகும்.

இன்னொன்றும் செய்தோம், அதற்குக் காசு செலவாகவில்லை. வார்ட்டில் ஒரு வேளை முடிந்து அடுத்தவர் வரும்போது, பொறுப்பைக் கைமாற்றாமல் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. அதையே இங்கும் வைத்தோம். கமராவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒருவர். முக்காலியில் ஒரு அட்டை: எத்தனை மணிக்குத் தொடங்கியது, அடுத்த பாட்டில் நிறுத்தித் திரும்பத் தொடங்கவும். எழும்பிப் போவதானால் இன்னொருவரை இருத்திவிட்டுப் போகவேண்டும். 13 வயதுத் தம்பி ஒருவர்தான் இப்போது அதில் மிகக் கண்டிப்பானவர்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை அந்தப் பேத்தியின் வீட்டுக்குப் போனோம், அதே பழைய கமராவோடு. தயங்கித்தான் கேட்டோம். அவள் கொஞ்சநேரம் யோசித்தாள். அம்மம்மாவின் கதிரைக்குப் பக்கத்தில், யன்னல் வெளிச்சத்தில் இருந்துகொண்டு, அன்று பேசியதைத் தாளில்லாமல் திரும்பவும் பேசினாள். இடையில் இரண்டு தரம் நின்றது கமரா அல்ல, அவளுடைய குரல்தான். நாலு நிமிடம் என்று நினைத்திருந்தோம். ஏழு நிமிடம் வந்தது.

அன்று இரவே யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினோம். மறுநாள் குரல்பதிவு ஒன்று வந்தது. அதில் படம் தெளிவா, இரைச்சலா என்று ஒரு வார்த்தையும் இல்லை. "அக்காவின்ர சிரிப்புத்தான் பிள்ளைக்கும்" என்று மட்டும் இருந்தது.

உங்கள் வீட்டிலும் இப்படிப் பழையதா புதியதா என்ற கேள்வி ஏதும் இருந்தால் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் மறுபடியும் உடல்நலம்: இரவு வேலை செய்கிறவர்களின் சாப்பாடு.

அன்புடன்,
தாதி வேலையிலிருந்து உங்கள் சகோதரிகள்
சென்ட் லோரன்ட், மொன்றியல்